மேடையில் என் அண்ணனைக் கொல்கிறவர்

என் வீட்டுக்காரர் என் அண்ணனைக் கொல்லாத வருஷம் கிடையாது. சில வருஷம் இரண்டு மூன்று தடவைகூடக் கொன்றிருக்கிறார். குடலை உருவி மாலையாகப் போட்டுக்கொண்டு, சபையைப் பார்த்து ஒரு கர்ஜனை விட்டுவிட்டு, அப்புறம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பார். செத்தவனும் பின்னாலேயே வந்து அதே மேசையில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு தட்டு வை குட்டி" என்பான். இரண்டு பேருக்கும் பரிமாறுவது நான்.

எங்களுடையது ஒரு சின்ன நாடகக் குழு. பெருமாளின் பத்து அவதாரங்களையும் ஒரே மத்தியானத்தில் ஆடி முடித்துவிடுவோம். மீன் வரும், ஆமை வரும், பன்றி வரும். அப்போதெல்லாம் சபையில் பாதிப் பேர் இடம் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். நாலாவதாக நரசிம்மம் வரும்போது உட்கார நாற்காலி கிடைக்காது. அது முடிந்ததும் இடைவேளை. அதன் பிறகு வருகிற வாமனனுக்கு எப்போதும் அரைச் சபைதான், பாவம். கல்கிக்குக் குதிரை சரியாக அமைந்ததே இல்லை. இன்னும் வராத அவதாரம்தானே, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

இதில் இரணியன் என் அண்ணன். நானே கடவுள், என்னைத்தான் கும்பிட வேண்டும் என்று உலகத்தையே மிரட்டிய ராஜா. அவன் பெற்ற பிள்ளை பிரகலாதன் மட்டும், இல்லை, ஹரிதான் கடவுள் என்று பிடிவாதமாக நிற்பான். அந்தப் பிரகலாதன் நான். எனக்குக் கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். மேடையில் வயது ஐந்து. உயரம் அப்படி, என்ன செய்ய? அந்தப் பிள்ளைக்காகத் தூணைப் பிளந்துகொண்டு வந்து அப்பனைக் கொல்கிற நரசிம்மம் என் வீட்டுக்காரர். ஆக, அண்ணன் எனக்கு அப்பா, புருஷன் எனக்குச் சாமி. இந்த உறவுமுறையை மகள் தன் சிநேகிதிகளுக்கு விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிடுவாள்.

வெளியில் புலி, வீட்டில் எலி என்று சில ஆண்களைச் சொல்வார்கள். இவர் வெளியிலும் எலிதான். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். கடைக்காரன் அழுகின தக்காளியைப் போட்டுக் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கி வருவார். திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போடுவது என் இலாகா. ஆள் மட்டும் வாட்டசாட்டம். கதவு நிலையில் நின்றால் பின்னால் வெளிச்சம் தெரியாது. கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் பார்த்த வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று அவர்தான் சொல்வார். முதலில் பொத்தானை எல்லாம் அமுக்குவார்கள். அப்புறம் கத்துவார்கள். அப்புறம் அழுவார்கள், இல்லாவிட்டால் பிரார்த்தனை செய்வார்கள். இவர் போனதும் சாவியைப் போடுவதற்கு முன்னால் கதவை லேசாகத் தட்டி, "இருக்கேன்" என்பார். அவ்வளவுதான். "இதோ திறந்துடுவேன்" என்றோ "பயப்படாதீங்க" என்றோ சொல்ல மாட்டார். ஏன் என்று கேட்டால், "திறக்குமான்னு எனக்கே அப்போ தெரியாதே. நான் இருக்கேங்கிறது மட்டும் நிச்சயம்" என்பார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

நாடகத்துக்குள் அவர் வந்ததும் லிஃப்ட் வழியாகத்தான். எங்கள் டைரக்டருக்குத் தொழில் மருந்துக்கடை. ஒரு நாள் தங்கக் காகிதம் ஒட்டின கிரீடங்களை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறியிருக்கிறார். நடுவழியில் அது நின்று, விளக்கும் போய்விட்டது. தொண்டை கட்டும் வரை கத்திவிட்டுக் கிரீடங்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே யாரோ தட்டுகிற சத்தம். "இருக்கேன்" என்று ஒரு குரல். பிறகு கதவு நடுவில் பிளந்தது. பிளவில் கிரீஸ் அப்பின இரண்டு பெரிய கைகள். பின்னால் வெளிச்சம், பரட்டைத் தலை.

"நரசிம்மா!" என்று கைகூப்பிவிட்டார் டைரக்டர்.

"இல்லீங்க, லிஃப்ட் மெக்கானிக்" என்றாராம் இவர்.

டைரக்டர் விடவில்லை. வீட்டுக்கே வந்துவிட்டார். இவர், "எனக்குப் பேச வராதுங்க" என்று ஒதுங்கினார். "யார் உங்களைப் பேசச் சொன்னா? கர்ஜனை பண்ணினா போதும்" என்றார் அவர். அப்போது நான் ஏற்கெனவே பிரகலாதன், அண்ணன் ஏற்கெனவே இரணியன். இவர் என் வீட்டுக்காரர் என்பது டைரக்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தூணுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். குடும்பமாகக் கூடி அமுக்கினால் அவர் எங்கே ஓடுவார்? சரி என்றார். கர்ஜனைக்கு வீட்டில் பயிற்சி எடுத்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிறது என்று, வேலை செய்யும் இடத்திலேயே லிஃப்ட் ஓடுகிற சுரங்கத்துக்குள் நின்று கர்ஜித்துப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள், லிஃப்டில் ஏதோ பெரிய கோளாறு, பயங்கரமாகச் சத்தம் வருகிறது என்று கம்பெனிக்குப் புகார் கொடுத்தார்கள். அதைப் போய்ப் பார்த்து வரும்படி கம்பெனி இவரையே அனுப்பியது.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஹாரன் அடிக்கவே வேண்டாம், ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் சாலை ஒதுங்கும். அண்ணி போய்ச்சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருந்தான். எங்களோடு வந்து இரு என்றால், "ராஜா மருமகன் வீட்ல தங்கலாமா?" என்று நாடகத்தை இழுத்துத் தப்பித்துக்கொள்வான். மேடையில் பிரம்மாவிடம் அவன் வரம் கேட்கிற காட்சியைப் பார்க்க வேண்டும். மனிதனாலும் சாவு வரக்கூடாது, மிருகத்தாலும் வரக்கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது, தரையிலும் வானத்திலும் கூடாது, எந்த ஆயுதத்தாலும் கூடாது. அடுக்கிக்கொண்டே போவான். வீட்டுக்கு வந்தும் அந்த வரம் தனக்கு இருப்பதாகவே நினைப்பு. டாக்டரிடம் போ என்றால், "இல்லாத வியாதிக்கெல்லாம் பேர் வெச்சு அனுப்புவான்" என்பான். கோணல் வழியில் போகிறவனுக்கு நேர் வழி சொன்னால் ஏறுமா?

இரண்டு பேரும் ஆடுவதைப் பார்த்து நான் மேடையிலேயே சிரிப்பை அடக்கிய கதைகள் நிறைய. ஒருமுறை, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று டைரக்டர் மேடையில் இரண்டு தூண் வைத்துவிட்டார். "எங்கேடா உன் ஹரி?" என்று அண்ணன் கேட்க, "தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்" என்று நான் சொல்ல, அவன் ஆவேசமாகப் போய் ஆளில்லாத தூணை உதைத்தான். தூண் மட்டும் ஆடியது. சபை மூச்சுவிடவில்லை. இவர் இன்னொரு தூணுக்குள் சாதுவாக நின்றுகொண்டிருக்கிறார், தன் தூணை யாரும் உதைக்கவில்லையே என்று. கடைசியில் நானே, "அப்பா, அந்தத் தூணிலும் இருக்கிறார். ஆனால் இந்தத் தூணிலிருந்துதான் வருவாராம்" என்று கையைக் காட்டினேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

ஆனால் கொல்கிற இடத்தில் விளையாட்டு கிடையாது. மேடையில் ஒரு கதவு நிலையை நிறுத்தியிருப்போம். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்பதற்காக, அந்த வாசற்படியில் நரசிம்மம் உட்கார்ந்து இரணியனை மடியில் போட்டுக்கொள்ளும். சிங்க முகம் கனமானது. அதைப் போட்டுவிட்டால் காதும் சரியாகக் கேட்காது, கண்ணுக்கும் ஒரு சாண் வெளிச்சம்தான். சிங்கத்தின் திறந்த வாய் வழியாகத்தான் இவர் பார்க்க வேண்டும். குனிந்தால் தெரிவது அண்ணனின் வயிறு மட்டும். அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. இடுப்புக் கச்சைக்குள் சிவப்புத் துணிச் சுருளைக் குடலாக ஒளித்து வைத்திருப்பான் அண்ணன். முடிச்சைத் தளர்த்தியதும் இவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவான், கிழிக்கலாம் என்று அர்த்தம். கிழித்துத் துணியெல்லாம் வெளியே வந்ததும் இன்னொரு கிள்ளு, செத்தாயிற்று, எழுந்திரு என்று அர்த்தம். அந்தக் கிள்ளில் அண்ணன் காட்டுகிற பாசம் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் பிறகு இவர் தொடையில் கன்றிப்போயிருக்கும். நான் தைலம் தேய்த்துவிடுவேன்.

அன்றைக்கும் சபை நிறைந்துதான் இருந்தது. அண்ணன் வழக்கத்தைவிட அதிக நேரம் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தான். வேர்வையில் அரிதாரம் வழிந்தது. மேடை விளக்குச் சூட்டில் எல்லாருக்கும் வழிகிறதுதான். வசனத்தில் ஒரு குறையும் இல்லை. சரியான தூணைத்தான் உதைத்தான். தூண் பிளந்தது, இவர் வந்தார், சபை அலறியது, சண்டை நடந்தது. தூக்கி மடியில் போட்டார். மிருதங்கமும் தாளமும் உச்சத்துக்குப் போயின. முதல் கிள்ளு வந்தது, இவர் கிழித்தார். துணியை உருவினார், கழுத்தில் போட்டார், கர்ஜித்தார்.

இரண்டாவது கிள்ளு வரவில்லை.

இவர் இன்னொரு முறை கர்ஜித்தார். வாத்தியக்காரர்கள், ஓகோ, இன்றைக்கு நன்றாக இழுக்கிறார் என்று வேகத்தைக் கூட்டினார்கள். பக்கத்தில் கைகூப்பி நின்றிருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பொய் நகம் வைத்த கையை அண்ணன் வயிற்றின் மேல் பரப்பி வைத்தார். சண்டை முடிந்து படுத்தால் அண்ணன் வயிறு துருத்தி மாதிரி ஏறி இறங்கும், மடியே ஆடும் என்று பிற்பாடு சொன்னார். அன்றைக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மடியில் கிடந்த கனமே வேறு மாதிரி இருந்ததாம்.

சட்டென்று சிங்க முகத்தைக் கழற்றி வீசினார்.

முகம் போட்டால் நாடகம் முடியும்வரை சபைக்கு முன்னால் கழற்றக் கூடாது, பேசக் கூடாது என்பது எங்கள் குழுவில் கல்லில் எழுதினது போல. சபை ஒரு நிமிஷம் திகைத்தது. அப்புறம், சிங்கத்துக்குள்ளிருந்து மனிதன் வருகிறான், என்ன கற்பனை என்று நினைத்ததோ என்னவோ, கைதட்டியது. மிருதங்கம் இன்னும் பலமாக முழங்கியது. இவர் நகங்களைப் பல்லால் கடித்துப் பிய்த்து எறிந்தார். அண்ணனைத் தரையில் இறக்கினார். எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். இந்த மனுஷன் நாடகத்தைக் கெடுக்கிறாரே என்று பல்லைக் கடித்தபோதுதான் அண்ணனின் கை படியிலிருந்து வழுக்கித் துவண்டு விழுந்ததைப் பார்த்தேன்.

"அண்ணே!" என்று கத்தினேன்.

பெற்ற அப்பனைப் பிள்ளை அண்ணே என்று கூப்பிட்டதும்தான் சபைக்கு விஷயம் புரிந்தது. மிருதங்கம் நின்றது.

இவர் கம்பெனியில் வருஷா வருஷம் ஒரு பயிற்சி கொடுப்பார்கள். கரண்ட் அடித்து ஆள் விழுந்தால் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக் காட்டுவார்கள். வந்து தலையணையில் செய்துகாட்டுவார், நான் கிண்டல் செய்வேன். இப்போது அண்ணன் நெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் அடுக்கி வைத்து அழுத்த ஆரம்பித்தார். நெஞ்சு அமுங்கி அமுங்கி எழுந்தது. ஒவ்வொரு அழுத்துக்கும், "இருக்கேன் மச்சான், இருக்கேன் மச்சான்" என்று முனகிக்கொண்டே அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் திடீரென்று வெளிறியது. எனக்கு ஏன் என்று தெரியவில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை. மஞ்சள் சாயம் பூசின தோளிலிருந்து வேர்வை அண்ணன் மேல் சொட்டியது.

அரங்க வாசலில் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கும், நின்றுபோன இதயத்துக்கு அதிர்ச்சி கொடுப்பதற்கு. டைரக்டர் மருந்துக்கடைக்காரர் அல்லவா, அது அவர் ஞாபகத்தில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தார். ஒட்ட வேண்டியதை ஒட்டினோம். யாரும் தொடாதீர்கள், விலகி நில்லுங்கள் என்று பெட்டியே பேசியது. எங்கள் குழுவில் எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்பேச்சுக் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணன் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. இவர் மறுபடியும் அழுத்தினார். அப்புறம் அண்ணன் தொண்டையிலிருந்து, தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து எங்களை ஒதுக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வேஷத்தோடுதான் போனோம். வாசலில் நர்ஸ், "பேஷண்ட் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"அப்பா" என்றேன் நான், உச்சிக்கொண்டையும் பட்டுத் துண்டுமாக.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்ல, அண்ணன்" என்று திருத்தினேன். இவருக்கு இடுப்புக்கு மேலே மஞ்சள் சாயம்தான் சட்டை. யாரோ ஒரு போர்வை கொடுத்தார்கள். அதைத் தோளில் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். இந்தச் சுவர் வரை போவார், திரும்பி அந்தச் சுவர் வரை போவார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். உட்காருங்க என்றேன், கேட்கவில்லை. திடீரென்று தன் உள்ளங்கையாலேயே சுவரில் ஓங்கி அறைந்தார்.

"என்னங்க இது?"

"உடைஞ்சிடுச்சு."

"எது உடைஞ்சிடுச்சு?"

"நெஞ்செலும்பு. என் கைக்குக் கீழ. மளுக்குன்னு சத்தம் கேட்டுச்சு" என்றார். "கிழிச்சுட்டேன். நெசமாவே கொன்னுட்டேன் உங்க அண்ணனை."

கதையில் இப்படித்தான் வரும். இரணியன் செத்த பிறகும் நரசிம்மத்தின் ஆவேசம் அடங்காது. தேவர்கள் எல்லாம் தூரத்திலேயே நிற்பார்கள், மகாலட்சுமிகூடக் கிட்டே போகப் பயப்படுவாள். பிரகலாதன் ஒருவன்தான் அருகில் போவான். மேடையில் நான் போய் இவர் முழங்காலைத் தொடுவேன், உடனே சிங்கம் தலை தாழ்த்தும். அன்றைக்கும் நான் போய்த் தொட்டேன். ஒன்றும் அடங்கவில்லை. உள்ளே கிடக்கிறவன் என்னைத் தூக்கி வளர்த்தவன். அவனுக்கு அழுவதா, இவரைத் தேற்றுவதா? அவன் செத்துவிட்டால் இந்த மனுஷன் தன் கையையே பார்த்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவார் என்று தெரிந்தது. ஒரே நாளில் இரண்டு பேரையும் பறிகொடுக்கப் போகிறேன் என்று பயந்தேன்.

கதவு திறந்து ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே களைப்பு.

"யாரு நெஞ்சை அழுத்தினது?"

இவர் குற்றவாளி மாதிரி அவள் முன்னால் போய் நின்றார். "நான்தாங்க. எலும்பு உடைஞ்சிடுச்சு. தெரிஞ்சேதான் மேல அழுத்தினேன். நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்திருந்தாங்க."

"விலா எலும்புல விரிசல் இருக்கு. சரியா அழுத்தினா நிறைய பேருக்கு அப்படி ஆகும், ஒட்டிக்கும். அடைப்பை எடுத்தாச்சு. ரத்தம் நல்லா ஓடுது, கண்ணத் திறந்தார், பேரைக் கேட்டா சொன்னார்" என்றாள். "நீங்க நிறுத்தியிருந்தீங்கன்னா நான் இப்ப உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டிருப்பேன். நல்ல காரியம் பண்ணினீங்க."

இவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "பொழச்சுட்டாரா?" என்று கேட்டார்.

"பொழச்சுட்டார்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்" என்று சிரித்துவிட்டாள் அந்தப் பெண்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார் என் வீட்டுக்காரர். கேவுகிற அழுகை இல்லை. லிஃப்ட் சுரங்கத்தில் பழகின தொண்டை அல்லவா? அந்த நடைவழி முழுவதும் எதிரொலித்தது. இரண்டு நர்ஸுகள் ஓடி வந்து, "சத்தம் போடாதீங்க, நோயாளிங்க தூங்கறாங்க" என்றார்கள். நான் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. போன உயிர் வந்தது என்று சொல்வார்களே, அது அண்ணனுக்கு மட்டும் பொருந்துகிற வார்த்தை இல்லை.

மறுநாள் காலையில் எங்களை உள்ளே விட்டார்கள். அண்ணன் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தான். மேலெல்லாம் ஒயர். மீசை ஓரத்தில் இன்னும் இரணியனின் மை கொஞ்சம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அழாத குட்டி, நாடகம் ஓடுது" என்றான். குரல் பழைய குரல் இல்லை, ஆனால் திமிர் பழைய திமிர்தான். அதைக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல ஆனது. இவ்வளவு நாளும் ஏன் அவனைத் திட்டாமல் விட்டேன் என்று, ஆரம்பித்து நன்றாகத் திட்டினேன். நெஞ்சு அடைக்கிறது, கை வலிக்கிறது என்று ஒரு வாரமாகவே இருந்திருக்கிறது அவனுக்கு. நாடகம் முடியட்டும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அண்ணன் என்னைக் கண்டுகொள்ளாமல் இவரைப் பார்த்தான். இவர் கட்டில் காலடியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, இத்தனை வருஷம் துணியைத்தானே கிழிச்சீங்க. இந்தத் தடவை எலும்பையே உடைச்சுட்டீங்களாமே" என்று சொல்லிச் சிரிக்கப் போய், வலியில் முகம் சுளித்தான். "சிரிக்க வைக்காதீங்கப்பா."

இவர் சிரிக்கவில்லை.

அண்ணன் மெதுவாகச் சொன்னான். "கிள்ளணும்னுதான் மாப்ளே நினைச்சேன். கை வரல. உங்க மடியில கிடக்கேன், வாத்தியம் கேக்குது, கை மட்டும் வரல. இவர் எப்படிக் கண்டுபிடிக்கப் போறார்னு நினைச்சேன். அப்புறம் ஒண்ணும் தெரியல."

"இனிமே கிள்ள வேண்டாம்" என்றார் இவர். அந்தக் குரலை நான் மேடையிலும் கேட்டதில்லை, வீட்டிலும் கேட்டதில்லை. "வலிச்சா வாயத் திறந்து சொல்லணும். எனக்கு மொகம் மாட்டிட்டா கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. மச்சான் நீங்க. எதை எதையோ பேசறீங்களே, இதைச் சொல்ல மாட்டீங்களா? இங்கேருந்து நேரா நம்ம வீட்டுக்குத்தான் வர்றீங்க. ராஜா, மருமகன் எல்லாம் பேசக் கூடாது. வர்றீங்க, அவ்வளவுதான்."

அண்ணன் வாயைத் திறந்தான். என்ன பதில் சொல்வான் என்று நானும் காத்திருந்தேன். "சரி மாப்ளே" என்றான். அவன் யாரிடமும் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதில்லை.

பிறகு இவர் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தார். ஒயர்களை ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையை அண்ணன் நெஞ்சின் மேல் பட்டும் படாமலும் வைத்தார். கை மெல்ல மேலே எழும்பியது, கீழே இறங்கியது. மறுபடி எழும்பியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் மஞ்சள் சாயம் இன்னும் போகவில்லை.

"எடுங்க மாப்ளே, கூச்சமா இருக்கு. நர்ஸம்மா பாக்குது" என்றான் அண்ணன்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் இவர்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் தூங்கிவிட்டிருந்தான். இவர் கையை எடுக்கவில்லை.